திறந்த கதவும் உரிமை வீடும்

(கணினித்துறை மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



கதவு திறந்திருக்கின்ற வீடெல்லாம் உள்ளே நுழைந்தவனுக்கு உரிய வீடாகிவிடுவதில்லை. விருந்தினனாய் உள்ளே அமர்ந்திருப்பவன், வீட்டுக்காரன் 'எழுந்திரு' என்று சொல்லும் வரையில்தான் அங்கே அமர்ந்திருக்க இயலும். இற்றைக் கணினி மென்பொருள்களின் நிலையும் இத்தகையதே. 'திறந்தது', 'விலையில்லாதது', 'எல்லார்க்கும் பொதுவானது' என்றெல்லாம் பெருநிறுவனங்கள் பறைசாற்றுகின்றன. திறந்து வைத்தவர் யார்? அடைக்கும் திறவுகோல் யார் கையில் உள்ளது? இவ்விரண்டு வினாக்களையும் கேளாமல் அப்பறையை நம்புகின்றவர், பிறர் வீட்டுத் திண்ணையில் தம் உடைமைகளை அடுக்கி வைப்பவரே ஆவர்.

மென்பொருள் என்பது கணினிக்கு மாந்தன் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுதி. மாந்தன் படித்தறியும்படி எழுதப்படும் வடிவம் மூலநிரல். பொறி மட்டுமே அறியும்படி மாற்றப்பட்ட வடிவமோ வெறும் எண்களின் கோவை. மூலநிரலை மறைத்துவிட்டுப் பொறிவடிவை மட்டும் விற்பது, சோற்றை விற்றுச் சமையல் முறையை மறைப்பதனினும் கொடிது. சோற்றில் உப்புக் குறைந்தால் உண்பவன் உப்பிட்டுக் கொள்ளலாம். இங்கோ உப்பிடவும் இயலாது. இட முயன்றால் உரிமமுறிவு என்று வழக்கும் வரும்!

கணினித் தொழிலின் தொடக்கத்தில் இந்நிலை இல்லை. பொறியை வாங்கியவனுக்கு மென்பொருளும், பெரும்பாலும் மூலநிரலோடு, உடன்வந்தது. 1969-ஆம் ஆண்டு சூன் திங்களில்தான், அற்றைக் கணினி உலகின் பேரரசாய் விளங்கிய ஐ.பி.எம். நிறுவனம், அமெரிக்க அரசு தன்மேல் தொடுத்த முற்றுரிமை வழக்கின் நெருக்கடியிடையே, பொறிக்கு ஒரு விலையும் மென்பொருளுக்கு வேறு விலையும் எனப் பிரித்து அறிவித்தது. 1976-இல் பில் கேட்சு சிறுகணினி ஆர்வலர்க்கு ஒரு வெளிப்படை மடல் விடுத்தார். ஆல்ட்டேர் என்னும் சிறுகணினிக்குத் தாமும் தம் தோழரும் ஆக்கிய பேசிக் மென்பொருளைப் பலர் விலை கொடாமல் படியெடுப்பதைத் திருட்டென்று அம்மடலில் சாடினார். உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் ஞாயம் உண்டு. அதனை மறுப்பார் இலர். ஆனால் அந்த ஞாயத்தின் பெயரால் இத்தொழிலில் பூட்டப்பட்டது பணப்பெட்டி மட்டுமன்று. அறிவுப்பெட்டியும் உடன் பூட்டப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அப்பூட்டு எங்கே உறுத்திற்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் இரிச்சர்டு இசுடால்மன் என்னும் நிரலாளர் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர்க்குக் கணினிவழியே செய்தி செல்லுமாறு அதன் மென்பொருளை அவர் திருத்தியிருந்தார். 1980-ஐ ஒட்டிய காலத்தில் செராக்சு நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி வந்தது. தாள் அதிலும் சிக்கிற்று, மூலநிரலோ தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்த ஆராய்ச்சியாளரை நேரிற் கண்டு கேட்டபோது, 'எவர்க்கும் தருவதில்லை என நிறுவனத்துக்கு வாக்களித்துவிட்டேன்' என்னும் விடையே கிடைத்தது. அறிவாளர் ஒருவர் மற்றோர் அறிவாளர்க்கு உதவுதல் குற்றமாகிவிட்ட நிலை அது!

அந்நிலையை ஏற்க மறுத்த இசுடால்மன் 1983-இல் குனு என்னும் முயற்சியை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். எப்பயனுக்கும் இயக்குதல், ஆய்ந்து திருத்துதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், திருத்தியதையும் வழங்குதல் என்னும் நால்வகை உரிமைகளே அவர் வகுத்த நெறி. 1989-இல் வெளிவந்த குனு பொது உரிமம் அந்நெறிக்குச் சட்டக்காப்புத் தந்தது. இந்நிரலை எடுத்துத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர், அதே உரிமைகளையும் உடன் வழங்குதல் வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பெற்றதைப் பூட்டி வைக்காதே என்பதன்றோ இதன் பொருள்! எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இலினசு தோர்வால்டுசு 1991-இல் வெளியிட்ட இலினக்சுக் கருநிரலும் அடுத்த ஆண்டே இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. இன்று ஆண்டிராய்டுக் கைப்பேசி முதல் பெருங்கணினிகள் வரை அது இயங்காத இடம் அரிது.

இவ்வளவில் வெற்றி வந்துவிட்டதென மகிழ்ந்தோர் பலர். வணிகர்களோ மகிழவில்லை, எண்ணமிட்டனர். 'உரிமை' என்னும் சொல் முதலாளிகளை அஞ்சவைக்கின்றது எனக் கருதிய சிலர், 1998 பிப்ரவரியில் அமெரிக்காவிலுள்ள பாலோ ஆல்ட்டோவில் கூடித் 'திறந்த மூலம்' என்னும் புதுப்பெயரைத் தெரிந்தெடுத்தனர். நிரல் பெரும்பாலும் அதே நிரல்; உரிமங்களும் பெரும்பாலும் அவையே. ஆனால் பேச்சு மாறிற்று. உரிமை என்ற இடத்தில் சிக்கனமும், அறம் என்ற இடத்தில் ஆக்கத்திறனும் வந்தமர்ந்தன. சொல்லை மாற்றுகின்றவர் எண்ணத்தையும் மாற்றுவர் என்பதைச் சொல்லின் ஆற்றல் உணர்ந்த இவ்வவைக்கு விளக்கவும் வேண்டுமோ?

2001-இல் இலினக்சைப் புற்றுநோய் என்று இகழ்ந்தார் மைக்ரோசாப்டின் அன்றைய தலைவர். அதே மைக்ரோசாப்டு 2018-இல், உலகத்து நிரலாளர் தம் மூலநிரல்களைக் குவித்து வைத்திருக்கும் கிட்கப் களஞ்சியத்தை 750 கோடி அமெரிக்கத் தாலருக்கு வாங்கிற்று. செந்தொப்பி எனப் பொருள்படும் பெயருடைய இரெட் ஆட்டு நிறுவனத்தை ஐ.பி.எம். 2019-இல் 3,400 கோடித் தாலருக்கு வாங்கிற்று. பகைத்தவர் நண்பராயினரா? இல்லை, இடிக்க முடியாத கோட்டையை விலைக்கு வாங்கினர்!

வாங்கிய பின் நிகழ்ந்தது யாது? இரெட் ஆட்டின் இயங்குதளத்துக்கு ஒப்பான, விலையில்லாச் சென்ட்-ஓ.எசு. தளத்தின் எட்டாம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என்று நம்பிப் பலர் அதனைத் தம் கணினிகளில் நிறுவினர். 2021 இறுதியோடு அது நிறுத்தப்படும் என 2020 திசம்பரில் அறிவிப்பு வந்தது. 2023-இல், தன் இயங்குதளத்தின் முழு மூலநிரலைத் தன் வாடிக்கையாளர்க்கே தருவதென்றும் இரெட் ஆட்டு முடிவு செய்தது. அதே ஆண்டில் ஆசிகார்ப்பு என்னும் நிறுவனம், கணிப்பணிகளை ஒழுங்குபடுத்தும் டெர்ராபார்ம் மென்பொருளின் உரிமத்தை ஒரே அறிவிப்பில் மாற்றித் தன்னோடு போட்டியிடுவார் அதனைப் பயன்படுத்தலாகாது என்றது.

இஃது எவ்வாறு இயன்றது? இங்கேதான் திறவுகோல் உள்ளது. அம்மென்பொருளுக்கு நிரல் எழுதித் தந்த வெளியார் ஒவ்வொருவரும் அந்நிறுவனத்துக்கு விரிந்த உரிமைகளை முன்னரே எழுதிக் கொடுத்திருந்தனர். உழைத்தவர் பலர், உரிமம் மாற்றும் ஆற்றலோ ஒருவர் கையில்! இலினக்சுக் கருநிரலின் நிலை வேறு. அதில் ஆயிரக்கணக்கானோரின் நிரல் பின்னிக் கிடக்கின்றது. அவரவர் பகுதியின் உரிமை அவரவர்க்கோ அவரைப் பணியிலமர்த்தியவர்க்கோ உரியது. அத்தனை பேரின் இசைவுமின்றி அதன் உரிமத்தை மாற்ற எப்பெருஞ்செல்வனாலும் இயலாது. பலர்க்குரிய ஊர்ப்பொதுக் குளத்தை ஒருவன் விற்க முடியாது. தனக்குரிய குளத்தில் ஊரை இதுவரை குளிக்கவிட்டவன் நாளையே வேலியிடலாம். வேற்றுமை நீரில் இல்லை, பட்டாவில் உள்ளது.

நிறுவனங்கள் கூறும் கரணியத்தையும் கேட்டல் முறைமை. 'யாம் உழைத்து ஆக்கிய மென்பொருளை அமேசான் போன்ற பெருநிறுவனங்கள் எடுத்துத் தம் கணினிகளில் இயக்கி வாடகைக்கு விட்டுப் பெரும்பணம் ஈட்டுகின்றன; எமக்குத் திரும்ப வருவது சிறிதே' என்பது அவற்றின் முறையீடு. அம்முறையீடு பொய்யன்று. ஆயினும் பெரிய மீன் சிறிய மீனை விழுங்குகின்றது என்பதற்காகக் குளத்தையே மூடுவது ஞாயமாகுமா?

உரிமம் மெய்யான உரிமமாயின் அடைபட்ட கதவுக்கும் மாற்றுவழி உண்டு. 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது, ஓப்பன் ஆபீசு என்னும் அலுவலக மென்பொருளின் தொண்டர்கள் அதே ஆண்டில் நிரலை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்து இலிப்ரே ஆபீசைத் தொடங்கினர். டெர்ராபார்முக்கும் அவ்வாறே ஓப்பன் தோபு என்னும் கிளை 2023-இலேயே முளைத்தது. ஆகவே, 'இந்நிறுவனம் நல்ல நிறுவனமா?' என்று கேட்பதில் பயனில்லை. 'இந்நிறுவனம் தீயதாய் மாறும் நாளில் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேற இயலுமா?' என்பதே கேட்கவேண்டிய வினா.

இனி அரசுகளின் அரசியலைக் காண்க. 2019-இல் அமெரிக்க அரசின் தடைச்சட்டங்களைக் காட்டிக் கிட்கப் களஞ்சியம் ஈரான், சிரியா, கிரீமியா வாழ் நிரலாளர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்திற்று. அதே ஆண்டில் சீனத்து உவாவே நிறுவனத்தை அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆண்டிராய்டின் அடிநிரல் திறந்த நிரலாதலால் அதனை உவாவேயிடமிருந்து பறிக்க இயலவில்லை. ஆனால் கூகுளின் செயலிக் கடையும் பிற பணிகளும் அதன் புதிய கைப்பேசிகளுக்கு மறுக்கப்பட்டன. அடித்தளம் திறந்திருக்க, மேல்மாடிக்குச் செல்லும் ஏணி மட்டும் எடுக்கப்பட்டது! 2024 அக்டோபரில் உருசியத் தொடர்புடைய பராமரிப்பாளர் ஏறத்தாழப் பன்னிருவரின் பெயர்கள் இலினக்சின் பொறுப்பாளர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. அவர்களும் நிரலைப் படியெடுக்கலாம்; பயன்படுத்தலாம்; ஆனால் பொதுமன்றத்தில் அவர்கட்கு இருக்கை இல்லை.

பூட்டிய மென்பொருளை நம்பினோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2025 சூலையில், உருசிய நிறுவனத்துக்குப் பங்குள்ள, குசராத்தில் எண்ணெய்த் தூய்ப்பாலை நடத்தும் நயாரா நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அத்தடையைப் பின்பற்றி அந்நிறுவனத்தின் அஞ்சல் முதலிய கணிப்பணிகளை மைக்ரோசாப்டு நிறுத்திற்று. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்தின் கீழ் இயங்கும், பணம் செலுத்திய வாடிக்கையாளர் அது! தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பின்னரே பணிகள் மீண்டன. அத்தடை முறையா முறையன்றா என்பது வேறு வழக்கு. எங்கோ எழுதப்பட்ட ஆணையால் இங்குள்ள அலுவலகம் வாயடைத்துப் போகக்கூடும் என்பதே பாடம்.

செருமனியின் மூனிக் நகராட்சி இப்பாடத்தை முன்னரே கற்றது. 2003-இல் மைக்ரோசாப்டை விடுத்து இலினக்சுக்கு மாற அந்நகரமன்றம் முடிவெடுத்தது. பத்தாண்டு உழைப்பில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. ஆனால் ஆட்சித் தலைமை மாறிய பின், 2017-இல் அதே மன்றம் மைக்ரோசாப்டுக்கே திரும்ப முடிவெடுத்தது. நல்ல உரிமமும் நல்ல நிரலும் இருந்தும், ஆள்வோர்க்கு உறுதி இல்லையெனில் அவை நில்லா என்பதே இதன் பொருள். அந்நாட்டின் வடகோடியிலுள்ள சிலெசுவிக்-ஓல்சுட்டைன் மாநிலமோ, தன் 30,000 அரசுக் கணினிகளை இலிப்ரே ஆபீசுக்கு மாற்றுவதென 2024-இல் அறிவித்தது.

மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பொதுவுடைமையைப் பேணுவோர் யார்? உலக இணையத்தின் பெரும்பகுதிக்குக் காப்பாயிருந்த ஓப்பன் எசு.எசு.எல். மென்பொருளில் 2014-இல் பெரும்பிழை வெளிப்பட்டது. கோடிகளைக் குவிக்கும் நிறுவனங்கள் நம்பியிருந்த அம்முயற்சிக்கு அதுவரை ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 தாலரே! 2024 மார்ச்சில் எக்சு-செட் என்னும் சிறு மென்பொருளில் கள்ளவாயில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தனியே உழைத்துக் களைத்திருந்த பராமரிப்பாளர் ஒருவரின் நம்பிக்கையை, உதவுவார் போல் ஈராண்டுக்கு மேல் உடனிருந்து பெற்ற ஒருவர் செய்த வஞ்சகம் அது. தொடர்பு அரை நொடி காலந்தாழ்வதை ஐயுற்ற பொறியாளர் ஒருவரின் கூரிய நோக்கே உலகைக் காத்தது. அவர் மைக்ரோசாப்டில் பணியாற்றியவர் என்பதையும் சொல்லுதல் நேர்மை. நிரல் திறந்திருந்தமையால் அன்றோ அவரால் உட்புகுந்து பார்க்க இயன்றது? ஆயின், பார்ப்பாரும் பேணுவாரும் இல்லாத திறப்பு வெறுந்திறப்பே.

புதிதாய் வந்துள்ள செயற்கை நுண்ணறிவிலும் இதே சொல்விளையாட்டு நிகழ்கின்றது. மெட்டா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட இலாமா-2 கட்டமைப்பைத் 'திறந்த மூலம்' என்று அழைத்தது. திங்களுக்கு 70 கோடிக்கு மேற்பட்ட பயனர்களையுடைய நிறுவனங்கள் தனி இசைவு பெறவேண்டும் என்று அதன் உரிமமே கூறிற்று. அதனைப் பயிற்றுவித்த தரவுகளும் வெளியிடப்படவில்லை. சமைத்த சோற்றை வழங்கிவிட்டு, 'அடுப்பங்கரையே திறந்திருக்கின்றது' என்பதை ஒத்தது இது!

தமிழுக்கும் இதில் பங்குண்டு. இலிப்ரே ஆபீசும் பயர்பாக்சும் தமிழில் பேசுவதற்கு எந்த முதலாளியின் இசைவும் வேண்டியதில்லை. நிரல் திறந்திருந்தது, தொண்டர்கள் தமிழாக்கினர். ஆனால் அத்தமிழாக்கத்தை ஒவ்வொரு பதிப்புக்கும் புதுக்க ஆளில்லையேல், திறந்த மென்பொருளிலும் தமிழ் அரைகுறையாகவே நிற்கும். அக்குறைக்கு எந்த அமெரிக்க நிறுவனத்தையும் பழிக்க முடியாது.

எனவே செய்யத்தக்கவை மூன்று. மென்பொருளைத் தேர்வோர் விலையைப் பார்க்குமுன் உரிமத்தைப் பார்க்க. உரிமத்தை மாற்றும் ஆற்றல் ஒருவர் கையிலா, பலர் கையிலா என ஆராய்க. மக்கள் வரிப்பணத்தால் அரசு ஆக்குவிக்கும் மென்பொருளின் மூலநிரல் மக்கட்கே உரியதாகுக. பேணுவோர்க்கு ஊதியம் தருக. செருமனி அரசு 2022 முதல் இதற்கெனவே ஓர் அமைப்பை நிறுவிப் பொதுப்பணத்தை வழங்கி வருகின்றது. இங்குள்ள கல்லூரிகளும் தம் மாணவரை நிரலை இயக்குவோராக மட்டுமன்றிப் படிப்போராகவும் திருத்துவோராகவும் ஆக்குக.

திறப்பு என்பது பிறர் தரும் கொடை. உரிமை என்பது தாமே பேணும் கடமை. கொடுத்தவர் பறிக்கலாம், பேணுபவரிடமிருந்து எவரும் பறிக்க இயலாது. வாழ்க அறிவுரிமை!