வீட்டு மின்னஞ்சலும் உதவி மேசையின் மொழியும்



மின்னஞ்சல் பழுதைப் பற்றிப் பேச மொழியியலாளரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் வியந்திருக்கலாம். வீட்டில் நேரும் மின்னஞ்சல் பழுதுகளுள் பெரும்பகுதி இரண்டு இடங்களில் தங்கிவிடுகிறது: பழுதை எடுத்துரைக்கும் சொல்லில் ஒன்று, எழுத்தைச் சுமந்து செல்லும் குறியீட்டில் மற்றொன்று. இவ்விரண்டும் மொழியியலுக்கு அயலானவை அல்ல.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். “ஈமெயில் வேலை செய்யவில்லை” என்னும் தொடரை நாம் எல்லோரும் சொல்கிறோம். இத்தொடரில் எழுவாய் இருக்கிறது, எதிர்மறை வினை இருக்கிறது, செய்தி மட்டும் இல்லை. மடல் அனுப்ப இயலவில்லையா? அனுப்பியது போய்ச் சேரவில்லையா? பிறர் அனுப்பியது வரவில்லையா? பெட்டியைத் திறக்கவே முடியவில்லையா? திறந்த மடலைப் படிக்க முடியவில்லையா? தமிழில் இவ்வைந்திற்கும் தனித்தனி வினை உண்டு. அனுப்புதல், சேர்தல், வருதல், திறத்தல், படித்தல். வினையைச் சரியாகச் சொன்னாலே பழுதின் இடம் பாதி தெரிந்துவிடும்.

ஏனெனில் மடலை அனுப்பும் நெறி வேறு, பெறும் நெறி வேறு. அனுப்பும் நெறியாகிய எஸ்எம்டிபி 1982ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. பெறுவதற்குப் பாப், ஐமேப் என்னும் வேறு நெறிகள் உள்ளன. வருகின்ற மடல் குறைவின்றி வந்துகொண்டிருக்க, அனுப்புவது மட்டும் நின்றுபோவது இதனால்தான். பல இணையச் சேவை நிறுவனங்கள் குப்பை மடல்களைத் தடுக்கும் பொருட்டு வீட்டு இணைப்புகளில் 25ஆம் எண் வாயிலை அடைத்துவைத்துள்ளன. பழைய அமைப்புடைய கணினி அவ்வாயிலையே தட்டிக்கொண்டிருக்கும். பயனர் மடல் அனுப்புவதற்கென்று ஒதுக்கப்பட்ட 587ஆம் எண்ணுக்கு மாற்றினால் பல வீடுகளில் சிக்கல் அந்த நொடியே தீர்ந்துவிடுகிறது.

இதனை உதவி மேசையில் இருப்பவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதில்லை. நம் அண்டை வீட்டுக்காரர், தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு நிறுவனத்தின் உதவி எண்ணை நான்கு முறை அழைத்தார். நான்கு முறையும் ஒரே விடை: “மோடத்தை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்.” ஐந்தாம் முறை அவருக்குப் பக்கத்தில் நாம் அமர்ந்திருந்தோம். இணையப் பக்கங்கள் நன்றாகத் திறக்கின்றன என்று அவர் சொன்னதை மறுமுனை கேட்டுக்கொண்டது. பின்னர் மோடத்தைப் பற்றியே பேசியது. பக்கம் திறக்கிறதெனில் இணைப்பில் குறையில்லை என்பது பள்ளி மாணவனும் உய்த்துணரக் கூடியது. ஆனால் உதவியாளர் உரையாடவில்லை. அவர் முன்னால் எழுதிவைக்கப்பட்ட வினாநிரல் ஒன்று இருந்தது. அதில் அடுத்த வரியை வாசித்தார். அவரைக் குறை சொல்வதிலும் பொருளில்லை. நிரலை மீறிச் சிந்திக்க அவருக்கு உரிமை தரப்படவில்லை.

உரையாடல் ஆய்வில் நாம் ‘முறைமாற்றம்’ என்று ஒன்றைக் கூறுவோம். ஒருவர் சொன்னது அடுத்தவர் சொல்லப்போவதை மாற்ற வேண்டும். உதவி மேசையில் அது நிகழ்வதில்லை. அதனை நிகழ்த்துவதற்கு ஒரு வழி உண்டு. நிரலில் இல்லாத ஒன்றை, எண்ணாகச் சொல்ல வேண்டும். திரும்பிவரும் மடலில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் 4 எனில் தற்காலிகத் தடை. அனுப்பும் கணினி தானே மறுபடியும் முயலும், நாம் பொறுத்திருந்தால் போதும். 5 எனில் நிலையான மறுப்பு. நூறு முறை அனுப்பினாலும் அதே விடைதான். 550 என்பது பெரும்பாலும் அப்பெயரில் பெட்டி இல்லை என்பதைக் குறிக்கும். 535 என்பது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்பதைக் குறிக்கும். “535 வருகிறது” என்று ஒருவர் சொல்லும்போது மோடத்தை அணைக்கச் சொல்வது எவருக்கும் கடினம்.

கடவுச்சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடவு என்றால் வழி. மலாய் மொழியில் இதனைக் ‘கத்தா லாலுவான்’ என்கிறார்கள். லாலுவான் என்பதும் வழிதான். இருமொழியும் ஒரே உருவகத்தில் வந்து நிற்கின்றன. வரும் மடல்கள் சேரும் இடத்துக்கு மலாயில் ‘பெத்தி மாசூக்’ என்று பெயர். அந்தப் பெத்தி நம் பெட்டிதான். கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே கடல் கடந்து வந்த சொல்.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழர் வீடுகளுக்கே உரிய பழுது இது. அனுப்பியவர் தமிழில் எழுதுகிறார், பெறுபவர் தமிழைக் காணவில்லை. கிராணியார் வீட்டுச் சிக்கலின் மறுபாதியும் அதுவே.

மின்னஞ்சல் முதலில் 128 குறிகளுக்கு மட்டுமே இடமளித்தது. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றோடு அது முடிந்தது. 1992இல் வந்த மைம் என்னும் நெறியே பிறமொழி எழுத்துகளுக்கு மடலில் முறையாக இடம் தந்தது. அந்நெறிப்படி ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும், இது இன்ன குறியீட்டில் எழுதப்பட்டது என்னும் சிட்டு ஒன்று இருக்க வேண்டும். தமிழுக்கோ அக்காலத்தில் ஒரே குறியீடு என்பது இல்லை. நிறுவனத்துக்கு ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று என்று இருந்தன. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இந்நாட்டில் பலருக்குத் தமிழ் மடல் எழுதும் வாயிலாக அமைந்தது. பின்னர் டிஸ்கி என்னும் பொதுக்குறியீடு வந்தது. 1999இல் தமிழ்நாட்டரசு டாம், டாப் ஆகியவற்றை ஏற்றது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே கூடியது. 2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோட்டை ஏற்றது. இவ்வரலாற்றை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பத்து, இருபது ஆண்டுக்கு முந்தைய மடல் இன்று ஏன் வேற்றெழுத்தாய்த் தோன்றுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது என்பதை அறிந்தால் போதும்.

‘அம்மா’ என்னும் சொல்லைப் பாருங்கள். நம் இலக்கணப்படி மூன்று எழுத்து: அ, ம், மா. யூனிகோட்டில் இது ஐந்து குறிகள்: அகரம், மகரம், புள்ளி, மறுபடியும் மகரம், கால். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்வதால், கம்பியில் செல்வது 15 பைட்டுகள். மூன்று ஐந்தாகிப் பதினைந்தாகிறது. பெறும் கணினி சிட்டைப் படித்து அப்பதினைந்தையும் மும்மூன்றாகச் சேர்க்க வேண்டும். சிட்டு தவறினால் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி இலத்தீனில் காட்டிவிடும்.

திரையில் தோன்றும் சிதைவு எவ்வகையது என்று கண்டுகொள்ளலாம். தலையில் சாய்கோடு ஏந்திய இலத்தீன் சிற்றெழுத்து ‘ஏ’யும், அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் மீண்டும் மீண்டும் வந்தால், அது யூனிகோட்டுத் தமிழே. உள்ளிருக்கும் எழுத்து பழுதின்றி இருக்கிறது, சிட்டுத்தான் தவறு. மடல் செயலியில் எழுத்துக் குறியீட்டை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் பெரும்பாலும் தமிழ் வந்துவிடும். வெற்றுக் கட்டங்கள் மட்டும் தோன்றினால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை; எழுத்துரு நிறுவினால் போதும். ஒழுங்கேதும் இன்றிப் பலவகைக் கொம்பும் கோடும் ஏந்திய இலத்தீன் எழுத்துகள் நிரம்பியிருந்தால் அது டிஸ்கி போன்ற பழைய குறியீடாக இருக்கக்கூடும். குறியீட்டு மாற்றிகளைக் கொண்டு அதனை மீட்கலாம்.

கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் மட்டும் நிலை வேறு. இடைப்பட்ட ஏதோ ஒரு கணினி, தமிழ் அறியாத குறியீட்டுக்கு மடலை மாற்ற முயன்று, தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறியையும் கேள்விக்குறியால் பதிலீடு செய்துவிட்டது. ‘அம்மா’ ஐந்து கேள்விக்குறிகள் ஆகும். ‘அப்பா’வும் ஐந்து கேள்விக்குறிகளே ஆகும். இரண்டையும் பிரித்தறிய உலகில் எந்தக் கருவியாலும் இயலாது. அனுப்பியவரிடம் மூலப்படி இருந்தால் உண்டு. கிராணியாரின் மகள் அயல்நாட்டிலிருந்து எழுதிய மடல்களுள் சில இவ்வாறு போய்விட்டன. ஏனையவை சாய்கோட்டு ‘ஏ’ வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஒரு பிற்பகலில் மீட்டோம். இரண்டையும் ஒன்றென எண்ணி எல்லாவற்றையும் அழித்துவிடுமாறு உதவி மேசை அவருக்கு முன்பே சொல்லியிருந்தது. அவர் அழிக்கவில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதியவர் எந்தத் தாளையும் எளிதில் எறிவதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இணைப்பு தரும் நிறுவனமே தரும் முகவரியில் குடும்ப மடல்களைச் சேர்த்துவைக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் முகவரியும் முடியலாம். இந்நாட்டின் முதல் இணையச் சேவையாகிய ஜாரிங்கே 2015இல் மூடப்பட்டது. மடல்களை வேறோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள்.

முறையீடு செய்வோர் முதலில் நிறுவனத்திடமே முறையிட்டு அதன் பதிவெண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். தீர்வு கிட்டாதபோது பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்திடமோ, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமோ செல்லலாம். எழுதும்போது நாள், நேரம், திரையில் கண்ட எண், எந்த வினை நிகழவில்லை என்பது ஆகிய நான்கும் இருக்கட்டும். சினத்தை இரண்டாம் பத்தியில் வைத்துக்கொள்ளலாம். மலாயில் எழுத இயலாத முதியோருக்கு அதனை எழுதித்தரும் பணியை உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் மேற்கொள்ளலாம். பழைய மடல்கள் உள்ள வீடுகள் தெலுக் பங்லிமா காராங்கிலும் கிள்ளானிலும் எத்தனையோ உள்ளன. விரும்பும் மாணவர்கள் உரை முடிந்ததும் மேடையருகே வரலாம். சிதைந்த மடல்களின் மாதிரிகள் சிலவற்றை அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறோம்.