மிக் வெல்டிங்: ஒட்டியதா, ஒட்டியதுபோல் இருக்கிறதா?



இரும்பு வேலை சவுத்தாலுக்குப் புதிதல்ல. பஸ்களும் லொறிகளும் செய்த ஏ.ஈ.சி. தொழிற்சாலை, 1979ஆம் ஆண்டு மூடப்படும்வரை இங்கேதான் இயங்கியது. இன்று எம்மவர்கள் சிலர் கராஜிலோ வீட்டுப் பின்வளவிலோ மிக் மெஷினை வைத்து கேற், படிக்கட்டுக் கைபிடி, காரின் அடித்தகடு என்று வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும், இத்தொழிலைப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குமாகவே இன்று பேசுகிறேன்.

ஊரில் றொட் வெல்டிங் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் போதாவிட்டால் றொட் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். கை உடனே அறிந்துவிடும். மிக்கில் அப்படியில்லை. வயர் தானாக வந்துகொண்டே இருக்கும். சூடு போதாவிட்டாலும் உருகி, இரும்பின்மேல் அழகான வரியாகப் படிந்துவிடும். ஆனால் அடியிலுள்ள தகடு உருகியிருக்காது. மேசையில் மெழுகுதிரி வடிந்த மாதிரித்தான். அந்தக் கைபிடியில் ஒரு நாள் வயதான ஒருவர் சாய்வார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, முதல் வேலை சுத்தம். பெயின்ற், துரு, புதுத் தகட்டிலுள்ள கருஞ்செதில் எல்லாவற்றையும் கிரைண்டரால் எடுத்து, இரும்பு பளபளக்கச் செய்யுங்கள். ஏர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது செற்றிங். சாதாரண இரும்புக்கு, தகட்டின் ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் ஏறக்குறைய 40 அம்பியர் என்று கணக்கு வைக்கலாம். ஒன்றரை மில்லிமீற்றருக்கு 60, மூன்று மில்லிமீற்றருக்கு 120. வயர் 0.8 மில்லிமீற்றர். மூன்று மில்லிமீற்றர் தகட்டுக்கு 18, 19 வோல்ற் அளவில் தொடங்குங்கள். காஸ், ஆர்கனும் காபனீரொட்சைட்டும் கலந்தது. நிமிடத்துக்கு 10 முதல் 12 லீற்றர். காற்று வீசினால் காஸ் கலைந்து, தோசையில் கண் விழுந்தது போல வெல்டில் துளைகள் விழும். காஸுடன் செய்யும்போது ரோச் பொசிற்றிவ். காஸ் இல்லாத வயருக்கு ரோச் நெகற்றிவ்.

வயர் வேகத்தைக் காதால் சரிசெய்யலாம். சரியாக இருந்தால் எண்ணெயில் வடை பொரிவது போல ஒரே சீரான சத்தம் வரும். வயர் வேகம் கூடினால் அது தகட்டில் இடித்து உங்கள் கையைப் பின்னே தள்ளும். குறைந்தால் நுனியில் குண்டாக உருகி, ரோச் வாயிலேயே ஒட்டிவிடும்.

ரோச் வாய்க்கும் வேலைக்கும் இடையில் வெளியே நிற்கும் வயர் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். ரோச்சை 10 முதல் 15 பாகை சாய்த்து, முன்னோக்கித் தள்ளிச் செல்லுங்கள். வெளிச்சத்தைப் பார்க்காமல், உருகிய குளத்தின் முன் விளிம்பைப் பாருங்கள்.

இனிச் சோதனை. அதே தடிப்பில் இரண்டு கழிவுத் துண்டுகளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்ட் செய்யுங்கள். ஆறியபின் வைஸில் இறுக்கி, நிற்கும் துண்டை வெல்ட் இருக்கும் பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடியுங்கள். தகடு வளைந்தால், அல்லது வெல்டே கிழிந்து சொரசொரப்பாகத் தெரிந்தால், உள்ளே பிடித்திருக்கிறது. வெல்ட் உரிந்து வந்து, கீழே தகட்டின் பழைய வழுவழுப்பான முகம் தெரிந்தால், பிடிக்கவில்லை. சூட்டைக் கூட்டி மறுபடி செய்யுங்கள். இந்தச் சோதனை தேறாமல் கேற்றிலோ கைபிடியிலோ ரோச்சை வைக்காதீர்கள்.

கடைசியாக, புகை. வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் முடிவு செய்தது. சாதாரண இரும்பின் புகையும் இதில் அடங்கும். 2019 பெப்ரவரியில் இந்நாட்டின் எச்.எஸ்.ஈ. அதிகார அமைப்பு, கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, உள்ளே வேலை செய்தால் புகையைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் கருவி வேண்டும் என்று அறிவித்தது. வெளியில் செய்தாலும் தகுந்த முகமூடி வேண்டும். சிறிது நேர வேலைக்கு எஃப்.எஃப்.பி.3 வகையாவது இருக்கட்டும். தாடி இருந்தால் அது முகத்தில் இறுக்கமாகப் பொருந்தாது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் இவற்றை முதலாளியிடம் கேட்கத் தயங்க வேண்டாம், இது சட்டம்.

நாகம் பூசிய இரும்பென்றால் பூச்சை நன்றாகத் தள்ளி அகற்றிவிட்டே வெல்ட் செய்யுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணித்தியாலங்களின் பின் குளிர்காய்ச்சல் போல நடுங்கும். பால் குடித்தால் வராது என்பது வெறும் பேச்சு.

படிக்கப் போகும் பிள்ளைகள் கல்லூரித் தாள்களில் 'மாக்' என்று கண்டால் குழம்ப வேண்டாம். காபனீரொட்சைட்டுக் கலந்த காஸில் செய்யும் இதே வேலைக்கு அதுவே சரியான பெயர்.