ஓட்டுநர் உரிமமும் அதன் கெடுவும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்களின் நலத்தைக் கருதுவதும் சங்கத்தின் கடமையே ஆதலால் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நம் காலனியில் ஸ்கூட்டரோ காரோ இல்லாத வீடு அரிது. நம்மவருள் பலர் மதுரையிலோ திருச்சியிலோ இளவயதில் உரிமம் பெற்று, பெட்டி படுக்கையுடன் அதையும் இங்கே கொண்டுவந்தவர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஓர் ஊரில் பெற்ற உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். ஆதலின் அதை எடுத்துப் பார்க்கும் தேவை நேர்வதில்லை. அதில் அச்சிட்ட கெடுத் தேதியும் நினைவில் நிற்பதில்லை.

பழைய விதிப்படி சொந்த வாகன உரிமம் 20 ஆண்டுகள், அல்லது உரியவர் 50 வயதை எட்டும் நாள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். ஆகவே 2006-இல் 28 வயதில் உரிமம் பெற்றவருக்கு 2026-இல் கெடு முடியும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இக்காலத்தைக் குறைத்தது. இப்போது 30 முதல் 50 வயதுக்குட்பட்டோர் பெறுவது 10 ஆண்டுகளுக்கே செல்லும். 55 வயதுக்கு மேல் ஐந்து ஐந்து ஆண்டுகளாகவே புதுப்பிக்க வேண்டும்.

முன்னர், கெடு முடிந்த பின்னும் 30 நாள் உரிமம் செல்லும் என்றொரு சலுகை இருந்தது. அதையும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. ரெயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இந்த நியாயம் புதிதன்று. நேற்று முடிந்த சீசன் டிக்கெட்டை இன்று காட்டுபவர், எத்தனை ஆண்டு ஒழுங்காகப் பணம் கட்டியவராயினும், டிக்கெட் இல்லாப் பயணியே ஆவார்.

உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் தப்ப முடியாது. அதனினும் கொடியது விபத்து. காயமுற்றவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்துவிட்டு, அத்தொகையை வண்டிக்குரியவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் தீர்ப்பளித்துள்ளன. மகளின் திருமணத்துக்கும் ஊரில் ஒரு சிறு வீட்டுக்குமாகச் சேர்த்த பணம் அன்றைக்கு என்னவாகும்?

'கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம்' என்பாரும் உளர். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. எந்த ஊர் அதிகாரியும் புதுப்பிக்கலாம் என்பது சட்டம். இங்குள்ள முகவரிச் சான்றுடன், மத்திய அரசின் 'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பித்து, இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே காரியத்தை முடிக்கலாம். 40 வயதைக் கடந்தவர் மருத்துவர் சான்றும் இணைக்க வேண்டும்.

கெடுவுக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாலும் மறுதேர்வு இல்லை. ஆனால் புதுப்பித்த நாளிலிருந்தே உரிமம் செல்லும்; இடைப்பட்ட நாட்கள் உரிமமற்ற நாட்களே. ஓராண்டும் கடந்துவிட்டால், இருபது ஆண்டு ஓட்டியவரும் மைதானத்தில் மீண்டும் எட்டுப் போட்டுக் காட்டவேண்டும்.

இவையெல்லாம் வீண் தொல்லை என்று எண்ணற்க. எங்கள் இலாகாவில் என்ஜின் ஓட்டுபவருக்குக் குறித்த காலந்தோறும் கண்ணைச் சோதிக்கிறார்கள். அவரை நம்பி ஆயிரம் பேர் உறங்குகிறார்கள். நம் ஸ்கூட்டரின் எதிரே பள்ளி விட்டு வரும் குழந்தைகளும் நம் கண்ணை நம்பியே சாலையைக் கடக்கிறார்கள்.

ஆகவே அன்பர்களே! இன்றிரவு வீடு சேர்ந்ததும் ஒவ்வொருவர் உரிமத்தையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடு முடிந்திருந்தால் நாளை பஸ்ஸில் செல்லுங்கள். கணினிப் பழக்கமில்லாப் பெரியவர்களுக்கு இளைஞர்கள் உடனிருந்து விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டுகிறோம். ஊர்விட்டு வந்த இடத்தில் ஒருவருக்கொருவர் நாமே சுற்றம்.