மொறிஸ் மைனரின் இரண்டாவது குரல்

இலக்கிய நிகழ்ச்சியில் காரின் ஹோனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். ஆளைக் குரலில் அறிவதுபோல வாகனத்தையும் அறிந்த ஊரில் வளர்ந்தவன் நான். ஆகவே சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெரியப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்தச் சின்னக் கார்கள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கென்றே அளவெடுத்தவை போலிருக்கும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் பற்றறியும் குடாநாட்டுக்குள் வரத் தடை. துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிற்று எங்கள் கார். பிள்ளைப்பேற்று நோக் கண்டால் இரவில் ஊரார் வந்து தட்டுவது பெரியப்பாவின் படலையைத்தான்.

1992இல் ஓரிரவு, அப்படி ஒரு பெண்ணை ஏற்றிப் போகையில் ஒழுங்கையிலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. தெருவிளக்கு இல்லாத காலம். பெரியப்பா ஹோனை அழுத்தினார். சைக்கிள்காரர் வேலிக்குள் விழுந்து சிராய்ப்போடு தப்பினார்.

“தம்பி, இது கத்துறதில்லை, முனகுது” என்றார் மறுநாள் கராச்சில்.

ஹோனுக்குள் இருப்பது மெல்லிய இரும்புத் தகடு. மின்காந்தம் அதை இழுக்கும். இழுபட்டதும் பொயின்ற் விலகி மின்சாரம் அறும். தகடு திரும்பி வரும். செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடப்பதே நாம் கேட்கும் சத்தம். எங்கள் ஹோனில் பொயின்ற் தேய்ந்து, திருகாணியை எப்படித் திருகியும் பயனில்லை.

உடைத்து விற்ற ஜப்பான் கார் ஒன்றிலிருந்து நத்தை ஓடு போன்ற இரண்டு ஹோன்களைத் தேடிப் பிடித்தார் மெக்கானிக். ஒன்று கீச்சுக்குரல், மற்றது கட்டைக்குரல். மொறிஸில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் உடலோடு பொருந்தியிருக்கும். ஜப்பான் காரில் நெகற்றிவ். அது பெரியப்பாவுக்குப் பயம். “கம்பிச் சுருளுக்கு அந்தப் பேதம் தெரியாது அண்ணை” என்றார் மெக்கானிக். அது சரிதான். வில்லங்கம் வேறிடத்தில் இருந்தது. மொறிஸில் பித்தானை அழுத்தினால்தான் ஹோன் உடலோடு இணைந்து சுற்று முழுமையாகும். இந்த நத்தைகளோ தம்மைப் பூட்டும் தகட்டாலேயே உடலைத் தொட்டுக்கொள்பவை. பூட்டினால் பித்தானை அழுத்தாமலே அலறும். மெக்கானிக் சைக்கிள் ரியூப்பை வெட்டி இடையில் வைத்து, தகட்டிலிருந்து பித்தானுக்கு வயர் இழுத்தார்.

மூன்று கிழமை நன்றாய் ஓடிற்று. எங்கள் தெருக்களின் குழிகளை அந்த ரப்பர் எவ்வளவு காலம் தாங்கும்? ஒருநாள் சாமத்தில், வீட்டில் நின்றபடியே கார் அலறத் தொடங்கியது. நிற்கவில்லை. பெரியப்பா ரோர்ச்சைத் தேடி, மூடியைத் திறந்து, வயரைப் பிடுங்கினார். அமைதி வந்தபோதுதான் சுற்றிலும் ஒரு குரலும் இல்லை என்பது தெரிந்தது. அயல் முழுவதும் பதுங்குகுழிக்குள் இருந்தது.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குழந்தைகளின் உடம்பெல்லாம் மண். பெரியப்பா முற்றத்தில் தலைகுனிந்து நின்றார். ஒருவரும் ஏசவில்லை. “உன்ர காரோ மோனை? நான் என்னவோ எண்டு பயந்து போனன்” என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் றிலே வந்தது. கழித்துவிட்ட வொக்ஸ்வாகன் வானிலிருந்து கழற்றிய சிறு பெட்டி. கால்களில் 30, 85, 86, 87 என்று இலக்கங்கள். பித்தான் இப்போது றிலேயின் சுருளை மட்டும் உடலோடு இணைக்கும். ஹோன்கள் கேட்கும் பெரிய மின்சாரம் றிலேயின் வழியே தடித்த வயரில் நேரே போகும். நத்தைகள் உடலைத் தாராளமாகத் தொட்டுக்கொள்ளலாம். ரியூப் துண்டுகளைப் பெரியப்பா தாமே கழற்றி எறிந்தார்.

எத்தனையோ பிள்ளைகள் அந்த இரட்டைக் குரலோடு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் முழுவதும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அந்தக் காரும் போனது. முதியவர்களும் மூட்டைகளுமாய் உள்ளே இடமில்லை. நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்தோம். முன்னும் பின்னும் மனிதர், மாடு, சைக்கிள். பித்தான் பெரியப்பாவின் கைக்கு எட்டத்தான் இருந்தது. விடியும்வரை ஒருதரமும் அவர் அதைத் தொடவில்லை.