கறுவாத்தோட்டத்து மதில்கள்
(விருதுநகரில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் பேசியது)



நம் கடைகளில் பட்டை என்று கேட்டு வாங்குகிறோமே, அதை இலங்கைத் தமிழர் கறுவா என்பார்கள். டச்சுக்காரர் காலத்தில் அதைப் பயிரிட்ட இடம், கொழும்பில் இன்றும் கறுவாத்தோட்டம் என்றே வழங்குகிறது. கொழும்பு 7 என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். மரநிழல் வீதிகள், பெரிய பங்களாக்கள், பல நாட்டுத் தூதரகங்கள். பாராளுமன்றம் 1982-இல் கோட்டேக்கு மாறிய பிறகும் தூதுவர்கள் கொழும்பிலேயே இருக்கிறார்கள்.

இத்தனை காவல் உள்ள இடத்துக்குச் சண்டை வராது என்று நினைப்போம். வந்தது. 1983 ஜூலை 24 இரவு, தமிழர் வீடுகளை எரித்த கலவரம் அடுத்திருக்கும் பொரளையில்தான் தொடங்கியது. சமாதானத்துக்கான அரசியல் சட்ட யோசனைகளில் உழைத்த நீலன் திருச்செல்வம், 1999 ஜூலை 29 காலை காரில் அலுவலகம் போகும் வழியில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். வெளிநாட்டு அமைச்சர் லட்சுமண் கதிர்காமர் 2005 ஆகஸ்ட் 12 இரவு தம் வீட்டிலேயே சுடப்பட்டார். இருவரும் தமிழர். மதிலும் காவலும் அவர்களைக் காக்கவில்லை.

அந்தப் பகுதியின் ஓரத்திலேயே ஜனங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் தேசிய மருத்துவமனை இருக்கிறது. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் லாரிக் குண்டு வெடித்தது. 90 பேர் அளவில் மாண்டார்கள். 1,000-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கண்ணாடிச் சில்லு பட்டுப் பலர் பார்வை இழந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் ஆஸ்பத்திரி கேட்பது ரத்தம் எந்தப் பிரிவு என்பதை மட்டுமே. சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்பது அங்கே கேள்வி அல்ல.

வெடிச்சத்தம் நமக்கும் புதிதல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். தொழிலாளிகளோடு, சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. தீக்காயத்தின் வேதனை நம் வீடுகளுக்குத் தெரியும்.

இலங்கைச் சண்டை 2009-இல் முடிந்தது. ஆனால் கடல் தாண்டி வந்தவர்களின் குடும்பங்கள் நம் மாவட்டத்தில், குல்லூர்சந்தையில் இன்னும் இருக்கின்றன. அகதி முகாம் என்ற பெயர் 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதுதான் ஊர். அவர்களை எத்தனை பேர் போய் விசாரித்திருக்கிறோம்?

உங்கள் காணிக்கையில் ஒரு கட்டில் கூடுதலாகப் போடுவோம். அதில் படுக்கப்போவது யார் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். வருகிறவர் யாரானாலும் இடம் இருக்கட்டும்.