சூலை 15: ஒரு நாள், இரு பிறப்புகள்

(ஆவடியில் நிகழ்ந்த தமிழ்ப் பொழிவின் எழுத்து வடிவம்)



சூலைத் திங்கள் பதினைந்தாம் நாள் எந்நாள் என்று பள்ளிச் சிறுவரைக் கேட்டால், காமராசர் பிறந்தநாள் என்று உடனே விடை வரும். அது பிழையான விடையன்று. ஆயினும் பாதி விடையே. 1876ஆம் ஆண்டு, அதாவது திருவள்ளுவர் ஆண்டு 1907இல், அதே சூலை 15ஆம் நாளில்தான் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் மறைமலையடிகள் பிறந்தார். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1903இல், அதே நாளில் விருதுபட்டியில் காமராசர் பிறந்தார். ஒருவர் தமிழின் மாசு துடைத்தவர். மற்றவர் தமிழ்ப் பிள்ளைகளின் பசி துடைத்தவர். இவ்விருவரையும் ஒருங்கே எண்ணுதற்கு வாய்த்த நாளில், ஒருவரை மட்டும் எண்ணி மற்றவரை மறப்பது முறையாகுமா?

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஒரே நாளில் பிறந்தமையால் இருவரும் பெரியராயினர் என்று கருதுதல் கூடாது. நாளும் கோளும் எவரையும் ஆக்குவதில்லை. இருபத்து மூவர் கூடிய ஓர் அவையில் எவரேனும் இருவர் பிறந்தநாள் ஒன்றாய் அமைதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்புண்டு என்று கணக்கு நூலார் காட்டுவர். ஆதலின் நாள் ஒத்தல் வியப்பன்று. இதே சூலை 15இல்தான் 1606ஆம் ஆண்டு ஆலந்து நாட்டு ஓவியர் இரெம்பிராண்டு பிறந்தார். 1909இல் இராசமுந்திரியில் துர்க்காபாய் தேசுமுக்கு அம்மையார் பிறந்தார். சென்னையில் ஆந்திர மகளிர் அவையை நிறுவிப் பெண்கல்விக்கு உழைத்தவர் அவர். நல்லன மட்டுமோ? 1099ஆம் ஆண்டு இதே நாளில் சிலுவைப் போர்ப் படையினர் எருசலேம் நகரைக் கைப்பற்றி, ஆங்கிருந்த மக்களைக் கொன்று குவித்தனர். ஓவியமும் தொண்டும் கொலையும் ஒரே நாளின்மேல் எழுதப்பட்டுள்ளன. எழுதுவது நாள் அன்று, மாந்தனே.

நாள் ஒப்புமை கூறுவார் ஆராய்ந்து கூறுதலும் வேண்டும். சேக்சுபியரும் செருவாண்டிசும் 1616 ஏப்பிரல் 23 என்னும் ஒரே நாளில் மறைந்தனர் என்று பல ஏடுகள் எழுதும். அந்நாளில் இசுப்பெயின் நாடு புதிய நாட்காட்டியைக் கைக்கொண்டிருந்தது. இங்கிலாந்தோ பழைய நாட்காட்டியை விடவில்லை. இரண்டுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு. ஏட்டில் ஒன்றாய்த் தோன்றும் நாள் உண்மையில் ஒன்றன்று. அடிகள் பிறப்புக்கும் காமராசர் பிறப்புக்கும் அத்தகைய ஐயப்பாடு இல்லை. இரண்டும் ஒரே நாட்காட்டியின்படி வந்தவை.

நாள் ஒற்றுமை தற்செயல் என்றால் பின்னர் இவ்விருவரையும் இணைத்துப் பேசுவது ஏன்? நாளினும் ஆழமானதோர் ஒற்றுமை அவர்தம் இளமையில் உண்டு. அடிகளார் நாகையில் வெசுலியன் பள்ளியில் பயின்று வந்தார். தந்தையார் சொக்கநாதர் மறைவுக்குப்பின் நான்காம் படிவத்தோடு அவர் பள்ளிப் படிப்பு நின்றது. காமராசரும் ஆறு அகவையில் தந்தையை இழந்தார். சிறு அகவையிலேயே பள்ளியை விட்டு, மாமன் துணிக்கடைக்குச் சென்றார். ஒருவர்க்கும் கல்லூரிப் பட்டம் இல்லை. வறுமை பள்ளிக் கதவைச் சாத்திய இரு சிறுவர்கள் இவர்கள்!

சாத்திய கதவின் வெளியே நின்ற இருவரும் என் செய்தனர் என்பதிலேயே இந்நாளின் பாடம் இருக்கிறது. அடிகளார் நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமி என்னும் தமிழ்ப் புலவரை அடைந்து, தொல்லிலக்கண இலக்கியங்களை ஐயந்திரிபறக் கற்றார். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். பள்ளிப் படிப்பை முடியாதவர் கல்லூரியில் கற்பித்தார்! ஆங்கே பரிதிமாற்கலைஞர் அவர்க்கு உடன்பணியாளராய் வாய்த்தார். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் அடிகள் எழுதிய ஆராய்ச்சியுரைகள் பழம்பாட்டை இக்காலத் திறனாய்வு நெறியில் அணுகிய முன்னோடிகள். 1911இல் கல்லூரிப் பணியை விடுத்துப் பல்லாவரம் சென்று உறைந்தார். அவ்வாண்டிலேயே துறவும் மேற்கொண்டார்.

1916ஆம் ஆண்டு நிகழ்ந்ததைத் தமிழர் அறிவர். வள்ளலார் பாட்டொன்றில் வரும் 'தேகம்' என்னும் சொல் நின்ற இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் எத்துணை இனிமை என்று அடிகள் தம் மகளார் நீலாம்பிகையாரிடம் கூறினார். தந்தையும் மகளும் அன்று கொண்ட உறுதியே தனித்தமிழ் இயக்கமாய் மலர்ந்தது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். 'ஞானசாகரம்' 'அறிவுக்கட'லாயிற்று. 'சமரச சன்மார்க்க நிலையம்' 'பொதுநிலைக் கழக'மாயிற்று. பிறர்க்கு அறிவுரை கூறுமுன் தம் பெயரையே மாற்றிக்கொண்ட நேர்மை அது! காமராசர் பிறந்த 1903ஆம் ஆண்டிலேயே பிறந்தவரான நீலாம்பிகையார் பின்னாளில் வடசொற்றமிழ் அகரவரிசையைத் தொகுத்து, தந்தையின் கொள்கையைக் கைக்கருவியாக்கித் தந்தார். பிறமொழி அறியாமையால் எழுந்த கொள்கையன்று இது. அடிகள் வடமொழியிற் சாகுந்தலத்தைக் கற்றுத் தமிழில் தந்தவர். ஆங்கிலத்திலும் எழுதிய ஆற்றலாளர். பிறமொழி கற்றார்; தம்மொழியிற் பிறமொழி கலவாது காத்தார். கற்றலும் கலத்தலும் வேறுவேறு என்பதே அவர் வாழ்வு காட்டும் நெறி.

இனிக் காமராசர். இழந்த கல்வியை அவர் தமக்கென்று தேடியதினும் பிறர்க்கென்று தேடியதே மிகுதி. 1930இல் உப்புப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1954 ஏப்பிரல் 13இல் முதலமைச்சரானார். அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத் தொழில் என 1953இல் இராசாசி அரசு கொணர்ந்த கல்வித் திட்டத்தை அவ்வாண்டிலேயே கைவிட்டார். குயவன் மகன் குயவனாகவும் வண்ணான் மகன் வண்ணானாகவும் நிலைத்துவிடுவதற்கு வகைசெய்யும் திட்டம் என்று தமிழகம் கொதித்தெழுந்த திட்டம் அது. 1956இல் பள்ளிகளில் நண்பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு துணைநிற்க, ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. வயிறு காய்ந்த பிள்ளைக்கு அகரம் ஏறாது என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவர் அவர்.

ஆவடி மக்கட்கு அவர் அயலார் அல்லர். 1955 சனவரியில் இவ்வூரில் பேராயக் கட்சியின் மாநாடு கூடியபோது, முதலமைச்சராய் இருந்தவர் அவரே. பொதுவுடைமைச் சாயல் கொண்ட குமுகாய அமைப்பே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் ஆவடியில்தான் நிறைவேறிற்று. டாங்கி எனப்படும் போரூர்தி செய்யும் கனவூர்தித் தொழிற்சாலையும் அவர் காலத்திலேயே இங்கு வந்தது. நேற்றுவரை ஏரியும் வயலுமாய் இருந்த சிற்றூர்கள் தொழில் நகராய் மாறியதன் தொடக்கம் அதுவே.

எனினும், உண்மை பேசும் அவையில் ஒரு செய்தியை மறைத்தல் ஆகாது. 1956 சூலை 27இல் இந்நிலத்திற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிடுதல் உள்ளிட்ட கோரிக்கைகளுடன் ஈகி சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். எழுபது நாளுக்கும் மேல் நோற்று, அக்தோபர் 13இல் உயிர் நீத்தார். முதலமைச்சர் பிறந்த ஊரிலேயே அந்நோன்பு நிகழ்ந்தது. ஆயினும் பெயர் வரவில்லை. தமிழ்ப்பற்றாளர் நெஞ்சில் இன்றும் ஆறாத புண் இது. இதனைக் காட்டிக் காமராசர் நாளைக் கொண்டாடோம் என்பாரும் உளர்.

அவர்தம் வருத்தம் முறையானதே. ஆயினும் நடுநிலை தவறுதல் தமிழ்ப்பண்பு அன்று. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியதும் அதே 1956இல், அதே அரசின் கையால்தான். 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பாடம் தொடங்கியதும் அவ்வரசின் காலத்திலேயே. குறையைக் குறையென்று கூறுக. கொடையைக் கொடையென்று போற்றுக. பெயர் மறுத்த குற்றத்தை எழுதும் கை, பள்ளி தந்த நன்றியையும் எழுதுதல் வேண்டும். அந்தப் பள்ளிகளில் எழுத்தறிந்த தலைமுறைதான் பின்னர் அப்பெயரைப் பெற்றெடுத்தது. 1967 சூலை 18இல், காமராசர் பிறந்தநாளுக்கு மூன்றாம் நாளில், அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது 'தமிழ்நாடு' என்னும் பெயர்த் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று.

அண்ணா பெயரைச் சொன்னவுடன் மற்றொரு நாளும் நினைவுக்கு வருகிறது. 1909 செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள். 1950இல் அதே செப்டம்பர் 15இல் அடிகள் மறைந்தார். அடிகள் பிறந்தநாளைக் காமராசர் நாளும், மறைந்தநாளை அண்ணா நாளும் மூடிக்கொண்டன! இரண்டு நாளும் தமிழகம் விழாக் கொண்டாடும் நாள்களே. இரண்டிலும் அடிகள் பெயர் ஒலிப்பது அரிதாயிற்று. இது எவர் சூழ்ச்சியும் அன்று. ஆனால் நினைவூட்ட வேண்டியவர் வாளா இருந்தால், தற்செயலே மறதியாய் உறைந்துவிடும்.

2006 முதல் சூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளில் கொண்டாடப்பெறுகிறது. நன்று. கல்வி வளர்ந்தது; எம்மொழியில் வளர்ந்தது? அதே 2006இல்தான் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டமும் வந்தது. 2012-13ஆம் கல்வியாண்டு தொட்டு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகலாயின. காமராசர் திறந்த பள்ளியில், அடிகள் காத்த மொழி ஒரு பாடமாய் மட்டும் சுருங்குவதா? பெற்றோரைப் பழித்துப் பயனில்லை. தமிழிற் படித்த பிள்ளைக்கு வேலை கிட்டுமோ என்னும் அச்சமே அவர்களை அங்ஙனம் செலுத்துகிறது. அவ்வச்சத்தைப் போக்காமல் 'தமிழ் வாழ்க' என்று முழங்குவது வெறும் ஒலி.

பள்ளியின்றித் தூய தமிழ் புலவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடும். தமிழின்றிப் பள்ளி பிறர்க்கு ஏவலரை ஆக்கும் பட்டறையாகிவிடும். அடிகளின்றிக் காமராசர் பணி நிறைவுறாது. காமராசரின்றி அடிகள் கனவு கைகூடாது.

ஆதலின், வரும் சூலை 15இல் ஆவடிப் பள்ளிகளில் இரு படங்களும் ஒருங்கே வைக்கப்பெறுக. காமராசரைப் பற்றிப் பேசும் மாணவன் அடிகளின் உரைநடையில் ஒரு பக்கம் படிக்கட்டும். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அன்று மாணவர்க்குப் பத்துத் தூய தமிழ்ச் சொற்களை வழங்கட்டும். தொழிற்சாலையில் உழைக்கும் தமிழர் தாம் நாளும் ஆளும் கருவிகளுக்குத் தமிழ்ப்பெயர் எழுதித் தொகுக்கட்டும். அஃது அறிஞர் எவரும் செய்யவியலாத அகரமுதலியாகும். எல்லாவற்றினும் மேலாக, தந்தையை இழந்தோ வறுமையுற்றோ பள்ளியை விட்டு நின்ற ஒரு சிறுவனையேனும் ஒவ்வொரு தெருவும் தேடிப் பள்ளியிற் சேர்க்கட்டும். அவன் ஒரு மறைமலையடிகளாகவும் இருக்கலாம். ஒரு காமராசராகவும் இருக்கலாம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்வழிக் கல்வி!