வாகனம் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

 

ராகலையிலிருந்து கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கும், மறுபுறம் உடப்புசல்லாவைக்கும் செல்லும் மலைப்பாதையோரம் வாழும் நம் வாலிபர்களுக்கு, ஒரு முச்சக்கர வண்டியோ சிறிய லொறியோ ஆடம்பரப் பொருளன்று. தோட்டத்து நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும், லீக்ஸ், கரட் மூட்டைகளைச் சந்தைக்குச் சேர்ப்பதும் அவர்களது ஜீவனோபாயமாகும். எனவே வாகனம் வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. எத்தகைய உடன்படிக்கையின் பேரில் வாங்குகின்றோம் என்பதையே வினவுகின்றது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முச்சக்கர வண்டியொன்றின் விலை 10 இலட்சம் ரூபா. முற்பணம் 4 இலட்சம். எஞ்சிய 6 இலட்சத்துக்கு மாதம் 20,000 ரூபா வீதம் 48 தவணைகள். தவணைகள் மாத்திரம் 9 இலட்சத்து 60 ஆயிரம். வண்டிக்காகச் செலுத்துவது மொத்தம் 13 இலட்சத்து 60 ஆயிரம். மாதத் தவணையை மட்டும் பார்ப்பவருக்கு இக்கணக்குத் தென்படுவதில்லை.

“வட்டியற்ற முறையிலும் ஏறத்தாழ இதே தொகைதானே வருகிறது, அப்படியாயின் என்ன வித்தியாசம்?” என்று சில வாலிபர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். வியாபாரமும் வட்டியைப் போன்றதே என்று வாதிட்டோருக்கு, வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கியதாக அல்லாஹு தஆலா ஸூரத்துல் பகராவின் 275ஆவது வசனத்தில் பதிலளிக்கின்றான். வித்தியாசம் தொகையிலன்று, பொறுப்பிலேயே உள்ளது.

முராபஹாவில் நிறுவனம் முதலில் வாகனத்தைத் தானே வாங்கித் தன் பொறுப்பில் எடுத்த பின்னர், இலாபத்தை வெளிப்படையாகக் கூறி நமக்கு விற்கின்றது. நிர்ணயித்த விலை, தவணை பிந்தினாலும் கூடக்கூடாது. இஜாராவில் வாகனம் நிறுவனத்துடையது; நாம் செலுத்துவது வாடகை. நம் தவறின்றி வாகனம் முற்றாக அழிந்தால் வாடகையும் நின்றுவிடும். வழமையான லீசிங்கிலோ உரிமை நிறுவனத்துக்கு, நட்டமெல்லாம் நமக்கு. பிந்தும் தவணை மேலும் வட்டியை ஈன்றெடுக்கும்.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் வட்டியற்ற வங்கி முறைக்கு வழி திறந்தது. ஆயினும் பெயர்ப்பலகையை மாத்திரம் நம்பிவிடாதீர்கள். கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: விற்குமுன் வாகனம் உண்மையிலேயே உங்கள் உடைமையாகிறதா? விபத்தில் அழிந்தால் நட்டம் யாருடையது? தவணை பிந்தினால் அறவிடும் மேலதிகப் பணம் எங்கே செல்கிறது? அது தர்மத்துக்கன்றி நிறுவனத்தின் வருமானத்துக்குச் செல்லுமாயின், உடன்படிக்கையைத் தகுதியான ஆலிம் ஒருவரிடம் காட்டி விளக்கம் பெறுங்கள்.

பெற்றோரே! 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது முச்சக்கர வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். உழைப்பு குறைந்தாலும் பட்ட கடன் குறைவதில்லை. ஆகவே உம்மாவின் நகையை அடகு வைத்து முற்பணம் கட்டுவதற்கும், வாப்பா பிணைக் கையொப்பமிடுவதற்கும் முன்னர், மூன்று மாதம் வண்டி ஓடாவிட்டால் தவணையை எதைக் கொண்டு கட்டுவது என்று குடும்பமாக அமர்ந்து கணக்கிடுங்கள்.

கடனுடன் மரணித்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்தார்கள் என ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பிணை நிற்பது வெறும் உபசாரமன்று, கடனைச் சுமப்பதாகும் என்பதற்கு இது சான்று.

வாலிபர்களே! கணக்குப் பொருந்தவில்லையெனில், இன்னும் ஓராண்டு பிறர் வண்டியை நாள் வாடகைக்கு ஓட்டிச் சேமிப்பதில் இழிவேதுமில்லை. தாமதமாக வந்தாலும் ஹலாலாக வரும் வாகனத்தில் பரகத் உண்டு.

அல்லாஹு தஆலா நம்மனைவரையும் வட்டியின் தீங்கிலிருந்தும் கடனின் பாரத்திலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.